இடது வளைவில் மட்டும்

மாமியாரின் வலது மணிக்கட்டு உடைந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் என் கணவரின் அண்ணன் என்னிடமிருந்து கார் சாவியை வாங்கிக்கொண்டார். பிடுங்கவில்லை. கையை நீட்டினார், நான் கொடுத்துவிட்டேன். அதைத் தன் தம்பியின் சட்டைப் பையில் போட்டு, "இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்டா. பொம்பள கைல ஸ்டியரிங் குடுத்தா இப்டித்தான் ஆவும்" என்றார். என் கணவர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் நின்ற மருந்துக்கடைப் பையன்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

அண்ணன் அதை ஒரு தடவையோடு விட்டிருந்தால் ஒருவேளை நானும் விட்டிருப்பேன். மாமியாரைப் பார்க்க வந்த ஒவ்வொரு உறவுக்கும் அதையே சொன்னார். சொல்லும்போது ஸ்டியரிங்கைத் தாறுமாறாகத் திருப்புவது போல் இரண்டு கைகளையும் ஆட்டிக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். காபி டம்ளர்களோடு நான் அங்கேயே நின்றிருப்பேன்.

எங்கள் வீடு நூம்பலில். கணவரின் குடும்பம் தலைமுறைகளாக அங்கேயே பயிர் செய்து வந்தது. நிலமெல்லாம் மனைகளாகிவிட்ட பிறகு மூத்தவர் மனை புரோக்கராகி, பட்டாபிராமில் புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். இளையவரான என் கணவர் நூம்பலிலேயே தாயோடு இருந்துகொண்டு, பூந்தமல்லியில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அழுத்தமானி, வெப்பமானி, தராசு என்று கம்பெனிகள் அனுப்பும் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கருவி பொய் சொல்லும் என்ற சந்தேகத்தில்தான் எனக்குச் சம்பளமே வருகிறது.

அந்தக் காரும் மூத்தவருடையதுதான். புதிதாக வாங்கி ஓட்டிவிட்டு, பெரிய வண்டி ஒன்று வாங்கியபோது அதை எங்களுக்குத் தந்தார். வெளியில் விற்றால் இன்னும் நல்ல விலை கிடைக்கும், தம்பிக்காகத்தான் தருகிறேன் என்றார். நான்தான் அதை அதிகம் ஓட்டினேன். வேலப்பன்சாவடி தாண்டி மதுரவாயல் வரை நெடுஞ்சாலை, அங்கே இடது பக்கமாக வளைந்து ஏறும் சரிவில் பைபாஸைப் பிடித்தால் அம்பத்தூர். பெரும்பாலான நாட்களில் அந்தச் சரிவில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் ஏற முடியும்.

விபத்து நடந்த ஞாயிற்றுக்கிழமை சாலை காலியாக இருந்தது. மாமியாரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் உட்கார்ந்து, மருமகள் வண்டி ஓட்டுவதை அக்கம்பக்கத்துக்காரர்கள் பார்க்கிறார்களா என்று நூம்பலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். சரிவில் இடது பக்கம் வளைக்கும்போது, அடியில் கரகரவென்று ஒரு சத்தம். வலது முன்சக்கரத்தை யாரோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டது போல் வண்டி திமிறி, நேராக வலது பக்கச் சுவரை நோக்கிப் போனது. நான் பிரேக்கை மிதிக்கவில்லை. என் கால் ஆக்சிலரேட்டர் மேல்தான் இருந்தது. அது இன்றைக்கும் என் பாதத்துக்குத் தெரியும். ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்ததில் வண்டி சுவரை உரசி நின்றது. மாமியார் டேஷ்போர்டில் கையை ஊன்றிவிட்டார்.

இதை நான் ஆஸ்பத்திரியில் சொன்னேன். வண்டி தானாகப் பிரேக் பிடித்தது என்றேன். மூத்தவர் வேறு பக்கம் பார்த்தார். பிறகு சிரித்தபடி, இத்தனை வருஷம் தான் ஓட்டிய வண்டி, தன் கையில் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை என்றார். அதற்குப் பிறகுதான் சாவியைக் கேட்டு வாங்கினார். அவர் வேறு பக்கம் பார்த்த அந்த ஒரு நொடியைப் பற்றி அப்போது நான் எதுவும் நினைக்கவில்லை.

அதன்பின் எனக்கு ஷேர் ஆட்டோவும் இரண்டு பஸ்ஸும். காலையில் கிளம்புவதற்கு முன் மாமியாருக்குத் தலை வாரிப் பின்னிவிட வேண்டும், அவர் கை மாவுக்கட்டில் இருந்தது. கட்டுக்கு மேலே வீங்கிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பெரியவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். உனக்கு இன்னாத்துக்குமா வண்டி" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார், நிஜமாகவே என் மேல் இரக்கப்பட்டுச் சொல்வார். சீப்பை அழுத்தாமல் வாருவது எனக்குச் சிரமமாக இருந்தது.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் நேரமெல்லாம் மூத்தவருக்கு என்னென்ன நடக்க வேண்டும் என்று யோசிப்பேன். ஆரம்பத்தில் சின்னச் சின்ன ஆசைகள்தான். அவருடைய பெரிய வண்டி நடு ரோட்டில் நிற்க வேண்டும், அவர் இறங்கித் தள்ள வேண்டும், மழை பெய்ய வேண்டும். போகப்போக அவை வளர்ந்தன. அதே வராந்தா, அதே உறவுக்காரர்கள், அவர் கையில் மாவுக்கட்டு, நான் ஸ்டியரிங்கை ஆட்டிக் காட்டுகிறேன். இந்தக் காட்சி எனக்குத் தூக்க மாத்திரை மாதிரி ஆகிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி அதே ரகக் கார் வைத்திருந்தாள். ஒரு நாள் சாயந்திரம் என்னைப் பஸ் ஸ்டாப்பில் விடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டாள். அவள் சாவியைத் திருகியதும் ஸ்பீடு மீட்டரைச் சுற்றியிருந்த எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைந்தன. அவற்றில் மஞ்சள் நிறத்தில் ஒரு படம் இருந்தது. சறுக்கிப் போகும் கார், அதன் பின்னால் வளைந்த இரண்டு கோடுகள். எங்கள் வண்டியில் அந்தப் படத்தை நான் பார்த்த ஞாபகமே இல்லை. அது என்ன விளக்கு என்று கேட்டேன். வளைவில் வண்டி வழுக்கினால் அதுவாகவே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு நேராக்கும், அதற்கான விளக்கு என்றாள்.

ஒரு சக்கரத்துக்கு மட்டும். நான் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன்.

வீட்டுக்குப் போனதும், கணவர் குளிக்கப் போன நேரத்தில் சாவியை எடுத்து வண்டியில் வைத்துத் திருகினேன். மற்ற விளக்குகள் எல்லாம் எரிந்தன. அந்த மஞ்சள் கார் மட்டும் எரியவில்லை. அந்த இடம் இருட்டாக இருந்தது.

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் கார்களுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் ஒரு பாய் இருந்தார். என் வயதுதான் இருக்கும். அவருடைய அழுத்தமானி ஒன்றை ஒருமுறை எங்கள் கூடத்துக்கு யார் மூலமாகவோ அனுப்பியிருந்தார், அப்படிப் பழக்கம். கணவர் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போன நாளில் லீவு போட்டுவிட்டு வண்டியை அவரிடம் ஓட்டிப் போனேன். எல்லா இடது வளைவுகளிலும் மாட்டுவண்டி வேகத்தில்தான் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். பாய் ஒன்றே ஒன்று கேட்டார். "ரைட்ல ஒடிக்கும்போது எப்பனாச்சும் இழுத்துச்சா மேடம்?" யோசித்துப் பார்த்தேன். இல்லை. எவ்வளவு வேகத்தில் போயிருந்தாலும் வலது வளைவில் ஒன்றும் ஆனதில்லை. இடதில் மட்டும்தான். அவர் ஸ்கேனரின் கம்பியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினார்.

பழைய கோளாறாக ஒன்று பதிவாகியிருந்தது. பக்கவாட்டு முடுக்கத்தை அளக்கும் சென்சார் தரும் கணக்கு நம்பும்படி இல்லை என்று அர்த்தம் என்றார். வண்டி வளையும்போது நம் உடம்பு ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறதே, அந்தத் தள்ளலை அளக்கும் சின்னப் பெட்டி அது. ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, வண்டி எவ்வளவு தள்ளப்படுகிறது, இரண்டையும் ஒப்பிட்டுத்தான் வண்டி வழுக்குகிறதா இல்லையா என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். வண்டி நின்றுகொண்டிருந்தால் தள்ளல் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஸ்கேனர் திரையில் பூஜ்யம் இல்லை. நின்ற இடத்திலேயே வண்டி இடது பக்கம் வளைந்துகொண்டிருப்பதாக அந்தச் சென்சார் சொன்னது.

இந்த இடத்தில் என் தொழில் எனக்குள் விழித்துக்கொண்டது. தரை சாய்வாக இருந்தாலும் அப்படிக் காட்டலாம் அல்லவா என்றேன். பாய் தலையாட்டினார். வண்டியைத் திருப்பி, மூக்கு இருந்த பக்கம் வால் வரும்படி அதே இடத்தில் நிறுத்தினோம். தரையால் வந்த பிழையென்றால் இப்போது எதிர்ப்பக்கம் காட்ட வேண்டும். காட்டவில்லை. மறுபடி இடது பக்கமே. தரையின் மேல் குற்றமில்லை.

ஆக, நிஜமாக இடது பக்கம் வளையும்போது, ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும் பொய்யும் அதோடு கூடிவிடும். நான் திருப்பியதைவிட வண்டி அதிகமாகத் திரும்பிவிட்டது, சுழலப் போகிறது என்று கம்ப்யூட்டர் பயந்து, வலது முன்சக்கரத்தைப் பிடிக்கும். நல்ல எண்ணத்தோடுதான் பிடிக்கும். வலது வளைவில் அந்தப் பொய் கழிந்துபோகும், ஒன்றும் ஆகாது. என் பாதம் சொன்னது சரி. நான் அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

கியருக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் மூடியைப் பாய் கழற்றினார். தரை விரிப்புக்கு அடியில் காய்ந்த சேறு மாவு போல் உதிர்ந்தது. எப்போதோ வண்டிக்குள் வெள்ளம் புகுந்திருக்கிறது. சென்சாரைத் தாங்க வேண்டிய தகடு துருப்பிடித்து அரித்துப்போயிருந்தது. அந்தப் பெட்டியை யாரோ இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் சாய்வாக ஒட்டி வைத்திருந்தார்கள். அதில் கம்பி சேரும் கப்ளரில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. பாய் அதைக் கம்பியைக் கழற்றாமல் பெயர்த்து ஒரு மரப்பலகை மேல் வைத்தார், நான் என் பையிலிருந்த ரசமட்டத்தை வைத்துப் பலகையைச் சமப்படுத்தினேன். கணக்கு குறைந்தது, ஆனாலும் பூஜ்யத்துக்கு வரவில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் இருந்ததும் மெல்ல ஏற ஆரம்பித்தது. "சாய்ச்சி வச்சதும் தப்பு. உள்ளயும் பூட்ச்சி" என்றார் பாய்.

பிறகு ஸ்பீடு மீட்டரைக் கழற்றினார். அந்த மஞ்சள் கார் படத்துக்குப் பின்னால் கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டு ஒன்று, கத்தரியால் அளவாக வெட்டி ஒட்டியிருந்தது. விளக்கு அவ்வப்போது எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியக்கூடாது என்று மறைத்திருக்கிறார்கள். அந்த வண்டிக்கு எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு சொந்தக்காரர்தான்.

நான் பாயிடம் கேட்டது இதுதான்: எல்லாவற்றையும் இருந்தபடியே மறுபடி ஒட்டிவிடுங்கள். வண்டியை மூத்தவரிடம் கொடுத்து அந்தச் சரிவில் ஓட்டச் சொல்ல வேண்டும் என்று எண்ணம். காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

பாய் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டார். "அவுரு மேல கோவம்னா அவுர ரெண்டு அறை உடுங்க மேடம். அந்த ரோட்டுல பின்னாடி பைக்ல வர்றவன் உங்களுக்கு இன்னா பண்ணான்? நான் ஒட்டித் தர மாட்டேன்." வண்டியை அவர் கடையிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். புது சென்சார் வந்ததும் தகட்டைப் பற்றவைத்து, நட்டுப் போட்டு முடுக்கி, சமதளத்தில் நிறுத்தி ஸ்கேனரில் பூஜ்யத்தைப் பதிய வைத்தார். பழையதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கறுப்பு டேப்பை மட்டும் எடுக்க வேண்டாம் என்றேன், மூத்தவர் கண்ணுக்கு வண்டி பழையபடியே இருக்க வேண்டும். அதற்கு அவர் ஒத்துக்கொண்டார், தலையை ஆட்டியபடியே. கணவரிடம் சர்வீஸுக்கு விட்டதாகச் சொன்னேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

சொல்லியிருக்கலாம். அன்றே எல்லோரையும் கூட்டி வைத்து டேப்பைக் காட்டியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியும், மூத்தவர் சிரித்துக்கொண்டே ஏதோ மெக்கானிக் செய்த வேலை, தனக்கு என்ன தெரியும் என்பார். கைகளை ஆட்டிக் காட்டுவார். எனக்கு அவர் வாய் வேண்டாம், அவர் உடம்பு சொல்ல வேண்டும். அதற்காகக் காத்திருந்தேன்.

அம்பத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. மூத்தவரும் அவர் மனைவியும் முதல் நாளே நூம்பலுக்கு வந்துவிட்டார்கள். அவருடைய பெரிய வண்டியை மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாங்கிப் போயிருந்தார்கள், அதனால் காலையில் ஐந்து பேரும் எங்கள் காரில்தான் போக வேண்டும். மாமியாரின் கட்டைப் பிரித்தாகிவிட்டது. ஆனால் விரல்கள் முழுதாக மடங்கவில்லை, புடவை மடிப்பை நான்தான் சொருகிவிட்டேன்.

எல்லோரும் வாசலில் நிற்கும்போது, கணவரிடமிருந்து சாவியை வாங்கி மூத்தவரிடம் நீட்டினேன். "நீங்க ஓட்டுங்க மாமா. உங்க கைக்குப் பழகின வண்டியாச்சே" என்றேன்.

முதுகு வலி என்றார். பிறகு கண்ணாடியைப் பட்டாபிராமிலேயே விட்டுவிட்டதாகச் சொன்னார். கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. வேறு வழியாகப் போகலாம், திருவேற்காடு வழியாகச் சுற்றிப் போனால் கூட்டமிருக்காது என்றார். நான் சாவியை நீட்டியபடியே நின்றேன். பைபாஸ் வழிதானே சுருக்கம், வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் நெற்றியில் வியர்த்ததைப் பார்த்தேன். நான் பஸ்ஸில் நின்று நின்று கனவு கண்டது இதைத்தான், இதைவிட நன்றாகக்கூட இருந்தது.

அடுத்து நடந்தது என் திட்டத்தில் இல்லை. பூ வைத்துக்கொண்டிருந்த ஓரகத்தி, யாரையும் பார்க்காமல், சாதாரணமாகச் சொன்னாள். "அவரு ஓட்ட மாட்டாரு. அந்த வளைவுல ஒரு தபா இவரு கைலயும் இழுத்துச்சு. அதுக்கப்புறந்தான் வண்டிய குடுத்துடலாம்னு நின்னாரு."

மூத்தவர் மனைவியை முறைத்தார். அவள் கொண்டை ஊசியைச் சொருகி முடித்தாள். என் கணவர் அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாமியார்தான் கேட்டார். "உனக்குத் தெரியுமாடா?"

"சின்ன விஷயம்மா. எப்பனாச்சும் ஒரு லைட்டு எரியும், அவ்ளோதான்."

மாமியார் தன் வலது கையை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டி மடக்கிக் காட்டினார். பாதிதான் மடங்கியது. "இது சின்ன விஷயமா?" என்றார். பிறகு பின் கதவைத் திறந்து உள்ளே ஏறிக்கொண்டு, "நான் குந்துன சீட்டுல நீ குந்து. அவ ஓட்டட்டும்" என்றார்.

வண்டியைச் சரிசெய்துவிட்டேன் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். மாமியாருக்காகவாவது. வாய் திறக்கவில்லை. மூத்தவர் முன் சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, அது மாட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பார்த்தார்.

மதுரவாயல் சரிவு அன்று காலியாக இருந்தது. நான் கண்மண் தெரியாமல் ஓட்டவில்லை. எப்போதும் போகும் வேகத்தில், ஒரு பொட்டுகூடக் குறைக்காமல் வளைத்தேன். அவர் வலது கை டேஷ்போர்டில், இடது கை மேலே கைப்பிடியில். பாதங்கள் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தன. "மெதுவா போம்மா" என்றார். வண்டி கோடு போட்ட மாதிரி ஏறி பைபாஸைப் பிடித்தது. கண்ணாடியில் மாமியாரைப் பார்த்தேன். அவர் தன் பெரிய மகனின் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மண்டப வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு அவர் மட்டும் என் ஜன்னலருகே வந்தார். "சரி பண்ணிட்டியா?" என்றார்.

"எதை மாமா?" என்றேன்.

அவர் திரும்பிக்கொண்டார். பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி உள்ளே போனார். பந்தியில் எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார், பாயசம் வரைக்கும் தலை நிமிரவில்லை. நான் எல்லாவற்றையும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

வீடு திரும்பியதும் பழைய சென்சாரை மாமியார் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதைக் கையில் எடுத்து, இவ்வளவு சின்னதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணவருக்கு என் மேல் வருத்தம். தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்றார். வராந்தாவில் நீங்கள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் சொல்லியிருப்பேன் என்றேன். சில நாட்கள் இருவரும் தேவைக்கு மட்டும் பேசினோம். சாவி என் கைப்பைக்கு வந்துவிட்டது.

மூத்தவர் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு வருகிறார், தாயைப் பார்க்கிறார், போகிறார். என் டிரைவிங்கைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய் போன் பேசுகிறார். வேண்டுமென்றே பேச்செடுப்பது பெரும்பாலும் நான்தான்.

போன வாரம் ஓரகத்தி போன் செய்தாள். தனக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தர முடியுமா, அவருக்குத் தெரியாமல், என்று கேட்டாள். அவரிடம் கேட்டால் கைகளை ஆட்டிக் காட்டிச் சிரிப்பாராம். அவள் மேல் எனக்கு இரக்கம் வந்தது உண்மை. ஆனால் மாமியாரின் கை மாவுக்கட்டில் இருந்த அத்தனை நாளும் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள். நான் கொடுத்த காபியைக் குடித்தாள், மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள், தெரிந்ததை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

"பாக்கலாங்க்கா" என்று மட்டும் சொன்னேன். அவள் மறுபடி இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். நான் இன்னும் எடுக்கவில்லை.